பூட்டிய பென்டிரைவ் பழுதுற்றால்

ஒரு பொருளைக் களவினின்று காத்தலும் அதனை அழிவினின்று காத்தலும் ஒன்றென்றே பலரும் கருதுகின்றனர். இவை இரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்பதும், முன்னதற்கு நாம் செய்யும் முயற்சி சில வேளைகளில் பின்னதற்கு இடையூறாகவே முடியும் என்பதும், சென்ற ஆண்டு யான் பட்ட ஓர் இடரினால் எனக்குத் தெளிவாயின. கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய பென்டிரைவ் ஒன்று பழுதுற்றவிடத்து எதனை முன்னர்ச் செய்தல் வேண்டும், எதனை ஒருபோதும் செய்தலாகாது என்பவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு இப்பொருளில் என்ன உரிமை என்று வினவுவார் உளராயின், சுவடிகளைக் காத்த வரலாறே தமிழிலக்கிய வரலாற்றில் ஒரு பெரும்பகுதி என்பதனை அவர்க்கு விடையாகக் கூறுவேன்.

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தைச் சேர்ந்த அரிமளம் எனது ஊர். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எங்களூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் முதிய பெண்டிர் 11 பேரிடம் தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைப் பாடக் கேட்டுக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தேன். 43 பதிவுகள் சேர்ந்தன. ஒப்பாரி ஊரறியப் பாடப்படுவதாயினும், அதனுள் வீட்டுச் செய்தி மிகுதி. இறந்தவர் பெயரும், பங்காளிச் சண்டையும், கொடுத்த கடனும், கொடாத சீரும் அதில் வரும். ஆதலின் எண்பது வயதைக் கடந்த அப்பத்தா ஒருவர் பாடி முடித்தபின் என் கையைப் பற்றிக்கொண்டு, "இது எங்க வீட்டாளுக காதுல விழாமப் பாத்துக்க, அப்பு" என்றார். யானும் வாக்களித்தேன். அவ்வாக்கின்பொருட்டே பதிவுகள் அனைத்தையும் ஒரு பென்டிரைவிற்கு மாற்றி, விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் என்னும் முறையால் அதனைப் பூட்டினேன். கைப்பேசியில் இருந்தவற்றை அழித்துவிட்டேன். இனி அச்செய்தி எவர்க்கும் எட்டாது என்று மகிழ்ந்தேனேயன்றி, எனக்கும் எட்டாமற் போகக்கூடும் என்று எண்ணினேனல்லேன்.

அந்த அப்பத்தா ஐப்பசித் திங்களில் காலமானார். கார்த்திகையில், எம் வகுப்பினர் முன்னர் நடவுப்பாட்டு ஒன்றை ஒலிக்கச்செய்ய வேண்டிப் பென்டிரைவைக் கணினியிற் செருகினேன். கடவுச்சொல்லைக் கேட்க வேண்டிய திரை அதனைக் கேளாமல், இவ்வட்டினைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்தல் வேண்டும், செய்யலாமா என்று வினவிற்று. அருகிருந்த நண்பர் ஒருவர், "ஆம் என்று கொடு, சரியாகிவிடும்" என்றார். என் கையும் அவ்வழியே சென்றது. வேறு படி ஒன்றும் என்னிடம் இல்லை என்னும் நினைவு அப்பொழுது எழுந்தமையால் நின்றேன். அவ்வாறு நின்றது எத்துணை நல்லதாயிற்று என்பதனை அறிய, அச்சிறு கருவியினுள் நிகழ்வது யாது என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும்.

பென்டிரைவில் அமைந்திருப்பது பிளாஷ் என்னும் நினைவகமாகும். இதனை 1984-ஆம் ஆண்டில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சார்ந்த ஃபுஜியோ மசுவோகா என்னும் அறிஞர் உலகிற்கு அறிவித்தார். இன்று பென்டிரைவ்களில் வழங்கும் நாண்ட் என்னும் வகை 1987-இல் வெளிப்பட்டது. அதனை யு.எஸ்.பி. முனையுடன் பொருத்திச் சட்டைப்பையில் இடத்தக்கதாக்கி, 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் 2000 என்னும் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. இந்நினைவகம் எண்ணிறந்த நுண்ணறைகளால் ஆகியது. ஒவ்வோர் அறையிலும் மின்கடத்தாப் படலத்தால் சூழப்பெற்ற ஒரு சிறு பகுதி உண்டு. அப்படலத்தின் வழியே எலெக்ட்ரான்களை வலிந்து உட்புகுத்துதலே எழுதுதல் எனப்படும். அவற்றை வெளியேற்றுதலே அழித்தல் எனப்படும். இவ்வாறு எழுதி அழிக்குந்தோறும் படலம் சிறிது தேய்கின்றது. ஓர் அறையில் மூன்று பிட்டுகளை வைக்கும் மலிவான வகை, அழித்தெழுதுதலைச் சில ஆயிரம் முறையளவே தாங்கும். அன்றியும், ஒன்றும் எழுதாது வாளா வைத்திருப்பினும், அடைபட்ட எலெக்ட்ரான்கள் மட்பானையின் நீர்போலச் சிறிது சிறிதாகக் கசியும். வெம்மை மிகுந்தால் கசிவும் விரையும். எங்களூர்ச் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் பென்டிரைவைப் போட்டுவைத்தல் அதன் ஆயுளைக் குறைக்கும் செயல் என்பது இதனாற் போதரும்.

இத்தேய்வும் கசிவும் நமக்குப் புலப்படாதவாறு மறைத்து நிற்பது, பென்டிரைவினுள் அமைந்த கன்ட்ரோலர் என்னும் சில்லு. அது பிழைதிருத்தும் கணக்குகளால் ஐயுற்ற பிட்டுகளைச் செம்மை செய்யும். கெட்ட அறைத்தொகுதிகளை விலக்கி நல்லவற்றில் எழுதும். ஆதலின் பென்டிரைவ் நாளும் நலிந்துகொண்டே நலமுடையதுபோல் தோன்றி, திருத்தும் ஆற்றலைப் பிழை கடந்துவிட்ட ஒரு நாளில் திடீரென வீழும். ஓலைச்சுவடி அத்தகையதன்று. பூச்சி அரித்த துளையைக் கண்ணாற் காணலாம். ஓரம் ஒடிவதைக் கையால் உணரலாம். பெயர்த்தெழுத வேண்டிய காலம் வந்துற்றது என்பதனைச் சுவடியே நமக்கு உணர்த்திவிடும். பென்டிரைவ் அவ்வாறு உணர்த்துவதில்லை.

இனிப் பூட்டின் இயல்பைக் காண்போம். இக்காலத்துப் பூட்டுகள் பெரும்பாலும் ஏ.இ.எஸ். என்னும் மறைகுறியாக்க முறையைத் தழுவியன. பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் வகுத்த இம்முறையை அமெரிக்க அரசின் தரநிறுவனம் 2001-ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்றுக்கொண்டது. இதன் 128 பிட் திறவுகோல்கள் எத்தனை என எண்ணப்புகின், அத்தொகை 39 இலக்கங்களையுடையதாகும். ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்துத் திறத்தல் எவ்வகைக் கணினிக்கும் இயலாது. ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நாம் இடும் கடவுச்சொல் கோப்புகளை நேரே பூட்டுவதில்லை. கோப்புகளைப் பூட்டுவது கணினி தானே ஆக்கிக்கொண்ட வேறொரு திறவுகோல். அத்திறவுகோல் பென்டிரைவிலேயே ஒரு சிறு தலைப்பகுதியில் அடைத்து வைக்கப்பட்டுள்ளது. நம் கடவுச்சொல் அத்தலைப்பகுதியை மட்டுமே திறக்கும்.

இவ்வமைப்பினின்று மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, கோப்புகள் கிடக்கும் பரப்பில் ஓரிடம் கெடின் அவ்விடம் மட்டுமே கெடும். ஏனெனில் அப்பரப்பு சிறுசிறு துண்டுகளாகத் தனித்தனியே மறைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, தலைப்பகுதி கெடுமாயின், கோப்புகளில் ஒரு பிட்டும் கெடாதிருப்பினும் அனைத்தும் இழந்தவையேயாம். இதனையறிந்தே பிட்லாக்கர் அச்செய்தியை மூன்று இடங்களில் எழுதிவைக்கின்றது. வெராகிரிப்ட் என்பது வட்டின் இறுதியில் ஒரு படியை வைக்கின்றது. லினக்ஸில் வழங்கும் லக்ஸ் முறையிலோ திறவுகோல் உறையும் பகுதி ஓரிடத்தே உள்ளமையால், அதனை நாமே படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். மூன்றாவது, அழிந்த கோப்புகளை அவற்றின் வடிவங்கண்டு தேடி மீட்கும் ஃபோட்டோரெக் முதலிய கருவிகள் பூட்டிய வட்டின்மேல் பயன்படா. மறைகுறியில் எவ்வடிவமும் இல்லை. முதலிற் பூட்டைத் திறந்து பின்னரே தேடுதல் கூடும்.

இனி, பழுது எங்குள்ளது என்று தேர்ந்து காணும் முறை வருமாறு. பென்டிரைவைச் செருகியவுடன் கணினி அதனை அறிகின்றதா என்பதே முதல் வினா. அறியவில்லையாயின், இடையிற் கோத்த இணைப்புக் கருவிகளை நீக்கி, கணினியின் வேறொரு முனையிலும், பின்னர் வேறொரு கணினியிலும் செருகி நோக்குக. பிறகும் அறியவில்லையாயினும், அறிந்தும் அதன் கொள்ளளவைச் சுழியெனக் காட்டினாலும், பழுது கருவியின் உடலில் உளது என்க. அதற்கு மென்பொருள் மருந்தாகாது. முனையின் பற்றாசு விட்டிருப்பின் நுண்பணியாளர் அதனைப் பற்றவைத்து மீட்டல் கூடும். கன்ட்ரோலரே மாண்டதாயின், நினைவகச் சில்லைத் தனியே பெயர்த்துப் படிக்கும் ஆய்வகங்களை நாடுதல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் செலவாகும். கருவி தொடமுடியாதவாறு சுடுமாயின் உடனே எடுத்துவிடுதல் வேண்டும்.

கருவி அறியப்பட்டுக் கொள்ளளவும் சரியாக இருந்து, கடவுச்சொல் மட்டும் ஏற்கப்படவில்லையாயின், அஞ்சுமுன் விசைப்பலகையை நோக்குக. தமிழ்99 முதலிய தமிழ் விசைமுறை இயங்கிக்கொண்டிருக்க நாம் ஆங்கில எழுத்தை அடிப்பதாக எண்ணி அடித்தலும், பெரிய எழுத்து விசை அழுந்தியிருத்தலும் பலரை ஏமாற்றியுள்ளன. கடவுச்சொல்லைக் கேளாமல் ஃபார்மட் செய்யலாமா என்று கணினி வினவுமாயின், அதற்கு இரு காரணங்கள் இருத்தல் கூடும். முழுவட்டையும் வெராகிரிப்டால் பூட்டியிருந்தால், விண்டோஸ் எப்பொழுதும் அவ்வாறுதான் வினவும், அது பழுதன்று. பிட்லாக்கரால் பூட்டியதாயின், வட்டை இன்னதென்று அறிவிக்கும் தொடக்கப்பகுதி கெட்டிருத்தல் வேண்டும். எவ்வாறாயினும் அவ்வினாவிற்கு விடை இல்லை என்பதே. பிட்லாக்கர் வட்டை விண்டோஸில் ஃபார்மட் செய்தால் மூவிடத்துத் திறவுகோற் செய்தியும் அழிக்கப்படும். பின்னர்க் கடவுச்சொல்லை அறிந்திருந்தும் பயனில்லை. இனி, வட்டு திறந்து கோப்புகள் தெரிந்தும் எழுதவொண்ணாதாயின், தேய்வு மிகுந்தமை கண்டு கன்ட்ரோலரே எழுதுவதை நிறுத்தியிருத்தல் கூடும். அது நமக்குக் கிடைத்த தவணை. அப்பொழுதே அனைத்தையும் படியெடுத்துக்கொள்ளல் வேண்டும்.

இவை யாவற்றிற்கும் பொதுவாக ஒரு விதி உண்டு. நோயுற்ற வட்டின்மேல் எப்பழுதுநீக்கமும் செய்தலாகாது. முதலில் அதன் முழுப்படியை எடுத்து, அப்படியின்மேலேயே முயற்சிகளைச் செய்தல் வேண்டும். செக்டிஸ்க் முதலிய திருத்தக் கருவிகள் வட்டில் எழுதித் திருத்துவன. நலிந்த அறைகளில் எழுதுதல் உள்ளதையும் கெடுத்தலாம். படி இருப்பின், ஒரு முயற்சி தவறினும் மறுபடியும் தொடங்கலாம்.

என் பென்டிரைவைப் புதுக்கோட்டையில் கணினி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் அதனை வாங்கி முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் எத்தனை தடவை செருகினீங்க?" என்று கேட்டார். ஏழெட்டு முறை என்றேன். "தம்பி, இனிமே செருகிச் செருகிப் பார்க்காதீங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாகுது. இனி ஒரே தடவைதான், அதுலயே படி எடுத்திடுவோம்" என்றார். லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்றில் அதனைச் செருகி, டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளை ஏவினார். இதன் இயல்பு வியக்கத்தக்கது. அது முதலில் எளிதிற் படிக்கவரும் இடங்களையெல்லாம் விரைந்து படியெடுக்கும். இடர்ப்படும் இடங்களைக் கடந்து செல்லும். எங்கெங்கே கடந்தது என்பதனை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும். நல்லவை யாவும் கைவந்தபின்னரே கெட்ட இடங்களுக்கு மீண்டு, அவற்றைச் சிறிது சிறிதாகப் பன்முறை முயலும். இடையில் நிறுத்தினும் குறிப்பேட்டைக் கொண்டு விட்ட இடத்தினின்று தொடரும். 32 ஜி.பி. கொண்ட அவ்வட்டிற்கு ஓரிரவு முழுதும் கழிந்தது. விடியற்காலையில், வட்டின் தொடக்கத்திலும் நடுவிலும் சிற்சில இடங்கள் தவிர ஏனைய யாவும் படியில் வந்திருந்தன.

தொடக்கப்பகுதி கெட்டமையால் படியும் எளிதிற் திறக்கவில்லை. இத்தகைய நிலைக்கென்றே விண்டோஸில் ரிப்பேர்-பிடிஇ என்னும் கருவி உளது. அது மூவிடத்துத் தலைப்பகுதிகளில் எஞ்சியதைத் தேடி எடுத்து, பூட்டைத் திறந்து, உள்ளதை வேறொரு வட்டில் எழுதும். அதற்கு வட்டைப் பூட்டிய நாளில் கணினி தந்த மீட்பு எண்ணையும் இடலாம். 48 இலக்கங்கொண்ட அவ்வெண்ணை என் யாப்பிலக்கணக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். எடுத்து நோக்கியபொழுது, ஓரிலக்கம் ஒன்றோ ஏழோ என்று தெரியாதவாறு மை பரந்திருந்தது. அண்ணன் புன்னகைத்து, ஒரு கணக்கைக் காட்டினார். அவ்வெண் ஆறாறு இலக்கங்கொண்ட எட்டுத் தொகுதிகளால் ஆகியது. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடுமாறு அமைக்கப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டாக, ஒரு தொகுதி 411356 என்றோ 417356 என்றோ ஐயமாயின், முன்னது 11-ஆல் வகுபடும். பின்னதில் 5 மீதி வரும். ஆதலின் முன்னதே மெய்யான பாடம். செய்யுளில் ஓரெழுத்து மாறித் தளை தட்டுமிடத்து ஏட்டில் பிழையுண்டென்று பதிப்பாசிரியர் அறிவதும் இவ்வாறே. எழுதுவோன் தவறுவான் என்பதனை முன்னரே எண்ணி, அத்தவற்றைக் காட்டிக்கொடுக்கும் கட்டமைப்பை உள்ளேயே வைத்துள்ளனர்.

பூட்டுத் திறந்தது. 43 பதிவுகளில் 40 முழுதாகக் கிடைத்தன. ஒன்று திறக்கவேயில்லை. இரண்டு நடுவே முறிந்திருந்தன. அவ்விரண்டில் ஒன்று, காலமான அப்பத்தாவின் ஒப்பாரி. தம் தமையனை விளித்து ஓரடியைத் தொடங்குகின்றார்; சில நொடிகள் ஒலியில்லை; பின்னர் வேறோர் அடியின் இறுதி கேட்கின்றது. இடையில் அவர் பாடியது யாது என்று கேட்டறிய அவர் இல்லை. அவர் தந்த இரகசியத்தை யான் காத்தேன். அவர் தந்த பாட்டை முழுதும் காத்தேனல்லேன்.

பூட்டே பகையாதல் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஸ்டீபன் தாமஸ் என்னும் நிரலாளர், தமக்கு 2011-இல் கிடைத்த 7,002 பிட்காயின்களுக்கான திறவுகோலை அயர்ன்கீ என்னும் பூட்டிய பென்டிரைவில் வைத்துக் கடவுச்சொல்லை எழுதிய தாளைத் தொலைத்தார். அக்கருவி பத்து முறைக்குமேல் தவறுவதை ஒப்பாது. உள்ளிருப்பதைத் தானே மறைத்தொழிக்கும். எட்டு முறை அவர் தவறிவிட்டார் என்னும் செய்தி 2021 ஜனவரியில் வெளிவந்தபொழுது அதன் மதிப்பு ஏறத்தாழ 22 கோடி டாலர். இத்தகைய கருவியில் திறவுகோல் உள்ளிருக்கும் சில்லிலேயே உறைவதால், நினைவகத்தைப் பெயர்த்தெடுத்தும் பயனில்லை. அவ்வகைக் கருவியைத் திறக்கும் வழியைத் தாம் கண்டதாக அன்சைஃபர்ட் என்னும் நிறுவனத்தார் 2023-இல் அறிவித்தனர். எனினும், எல்லாப் பூட்டிற்கும் எல்லார்க்கும் அத்தகைய உதவி வாய்ப்பதன்று.

எங்கள் மாவட்டத்துக் குடுமியான்மலையில், சிகாநாதர் கோயிலையடுத்த பாறையில், ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டினதென்று அறிஞர் கருதும் இசைக்கல்வெட்டு ஒன்றுண்டு. ஏழு பகுதிகளாக, நந்நான்கு சுரங்களாக அது வெட்டப்பட்டுள்ளது. எழுத்துகள் இன்றும் நிற்கின்றன. ஆயினும் ஒரே சுரம் வெவ்வேறு உயிரெழுத்துகளோடு வருவது எதனைக் குறிக்கின்றது என்பதில் அறிஞர் ஒருமனப்பட்டாரில்லை. கல் கெடவில்லை; அதனைப் பாடுதற்குரிய திறவுகோல் நம் கையில் இல்லை. இதற்கு மறுதலையாக, ஓலையோ எளிதில் அழிவது. அதிலெழுதிய நூல்களோ இன்றும் வாழ்கின்றன. 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஒரு சுவடியில் சிதைந்த இடத்தைப் பிற சுவடிகளோடு ஒப்புநோக்கித் தெளிய முடிந்தது, பலவூர்களில் பலர் படியெடுத்து வைத்திருந்தமையாலன்றோ! நீடித்து நிற்கும் பொருளைக் காட்டிலும், பல இடங்களிற் பெயர்த்தெழுதப்பட்ட பொருளே நூலைக் காத்தது.

ஆகவே அன்பர்கள் கைக்கொள்ளத்தக்கவை சிலவற்றைக் கூறி முடிக்கின்றேன். மறைக்க வேண்டியதை மறையுங்கள். ஆனால் மறைக்குமுன் படியெடுங்கள். அரியது எதுவாயினும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகைக் கருவிகளிலேனும் இருத்தல் வேண்டும். அவற்றில் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். படிகளையும் பூட்டுங்கள். மீட்பு எண்ணைத் தெளிவான எழுத்தில் தாளில் எழுதி, பென்டிரைவோடு சேர்த்து வையாமல் வேறிடத்தில் வையுங்கள். ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு படியையும் திறந்து பார்த்து, கோப்புகளைப் புதிய கருவிக்கு மாற்றுங்கள். திரை எதனைக் கேட்பினும், ஃபார்மட் என்னும் சொல்லைக் கண்டவிடத்துக் கையை எடுத்துவிடுங்கள். பூட்டு கள்வரைத் தடுக்கும், காலத்தைத் தடுக்காது.

அரிமளத்துப் பாட்டுகள் இன்று மூன்று பூட்டிய படிகளில் உள்ளன. ஒன்று என்னிடம், ஒன்று எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், ஒன்று எம் ஆசிரியர் ஒருவரிடம். வருகின்ற விடுமுறையில் ஊர்க்குச் செல்லும்பொழுது, திறவாத பாட்டைப் பாடிய மூதாட்டியை மறுபடியும் கண்டு பாடித் தருமாறு வேண்டுவேன். அவர் இன்னும் நலமாக இருக்கின்றார். மற்றொருவரின் பாட்டிலுள்ள அவ்விடைவெளியை அவ்வாறே விட்டுவைத்துள்ளேன்.